கெர்னலுக்குள்ள யாரை விடலாம்?

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு மெயிலால வந்தது. பென்னாகரத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிட்டு பெங்களூர்ல வேலை தேடிட்டு இருக்கார். தர்மபுரி மாவட்டத்துப் பசங்களுக்கு சென்னையை விட பெங்களூர்தானே பக்கம். அவர் கேள்வி இதுதான்: "அண்ணா, ஓ.எஸ். பேப்பர்ல மைக்ரோகெர்னலுக்கும் மோனோலித்திக் கெர்னலுக்கும் என்ன வித்தியாசம்னு 13 மார்க்ல வரும். டேபிள் போட்டு எழுதினேன், மார்க்கும் வந்துச்சு. மைக்ரோகெர்னல் பாதுகாப்பானது, நம்பகமானதுன்னு நானே எழுதினேன். அப்புறம் ஏன் உலகமே லினக்ஸ்ல ஓடுது? யாரு தப்பு? நானா, உலகமா?"

ரெண்டு பேருமே தப்பில்லை. ஆனா அந்த டேபிள் ஒரு பெரிய சண்டையை ரெண்டு கட்டத்துக்குள்ள அமுக்கி வச்சிருக்கு. அந்தச் சண்டை இன்னும் முடியலை. 2024-ல அதோட விலை என்னன்னு எல்லாரும் பார்த்தோம்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம்ம நேரப்படி காலை 9.39. க்ரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி, தன்னோட ஃபால்கன் மென்பொருளுக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்புது. அது முழு மென்பொருள்கூட இல்லை, எதை எதைக் கண்காணிக்கணும்னு சொல்ற ஒரு கட்டமைப்பு ஃபைல். அந்த ஃபைல் 21 புலங்களை எதிர்பார்த்துச்சு, ஏற்கெனவே மெஷின்ல இருந்த நிரல் 20 மட்டும்தான் கொடுத்துச்சு. இல்லாத 21-வதைத் தேடிப் போய், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைப் படிக்கப் பார்த்துச்சு. அவ்வளவுதான், நீலத் திரை. 78 நிமிஷத்துல கம்பெனி அந்த ஃபைலை வாபஸ் வாங்கிடுச்சு. ஆனா அதுக்குள்ள சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துடுச்சு. இது மைக்ரோசாஃப்ட்டே சொன்ன கணக்கு. மொத்த விண்டோஸ் மெஷின்கள்ல அது ஒரு சதவீதம்கூட இல்லையாம். அந்த ஒரு சதவீதத்துல விமான நிலையம், வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் இருந்துச்சு. சென்னை ஏர்போர்ட் உட்பட நம்ம ஊர்கள்ல போர்டிங் பாஸை பேனாவால எழுதிக் கொடுத்தாங்க. படங்களைப் பார்த்திருப்பீங்க.

ஒரு சாதாரண ஆப் இதே தப்பைப் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்த ஆப் மட்டும் மூடியிருக்கும். "நின்றுவிட்டது"ன்னு ஒரு செய்தி வரும், நாமளும் திட்டிட்டு மறுபடி திறப்போம். ஃபால்கன் பண்ணின தப்பு ரொம்ப சாதாரண தப்பு. அது எங்க உட்கார்ந்துகிட்டு அந்தத் தப்பைப் பண்ணுச்சுங்கறதுதான் விஷயம். அது கெர்னலுக்குள்ள உட்கார்ந்திருந்துச்சு.

சரி, கெர்னல்னா என்ன? (ராணுவத்துல இருக்கறவர் கர்னல், அவர் வேற.) ப்ராசஸர்ல குறைஞ்சது ரெண்டு நிலை இருக்கு. ஒண்ணு, எதை வேணும்னாலும் தொடலாம்ங்கற நிலை. இன்னொண்ணு, உனக்குக் கொடுத்த இடத்தை மட்டும் தொடுங்கற நிலை. நம்ம ப்ரவுசர், வாட்ஸ்அப், கேம் எல்லாம் ரெண்டாவதுல ஓடும். முதல் நிலையில ஓடுற நிரல்தான் கெர்னல். நினைவகத்தைப் பங்கு போடுறது, யார் எப்ப ஓடணும்னு முடிவு பண்றது, டிஸ்க், நெட்வொர்க், திரை எல்லாத்தையும் ஆளுறது. கேள்வி என்னன்னா, இதுல எதெல்லாம் அந்த எல்லாம்-தொடலாம் நிலையில இருக்கணும்?

ஒரு தாலுகா ஆபீஸை நினைச்சுக்கோங்க. உள்ள ஒரு ரெக்கார்டு ரூம். பட்டா, சிட்டா, எஃப்.எம்.பி., பழைய பதிவேடு எல்லாம் அங்கதான். மோனோலித்திக் முறைன்னா, சர்வேயர், வருவாய் ஆய்வாளர், கம்ப்யூட்டர் ஆபரேட்டர், வெளிக் கம்பெனியில இருந்து வந்து ஸ்கேன் பண்ணித் தர்றவர் எல்லாரையும் ரெக்கார்டு ரூமுக்குள்ளேயே டேபிள் போட்டு உட்கார வச்சிடறது. எல்லார் கையிலயும் எல்லா பீரோ சாவியும் இருக்கும். ஒருத்தருக்கு ஒரு காகிதம் வேணும்னா கையை நீட்டி எடுத்துக்கலாம். வேலை பறக்கும். ஆனா ஸ்கேன் பண்ண வந்தவர் டீயைக் கொட்டினா, நனையறது அவர் காகிதம் மட்டும் இல்லை.

மைக்ரோகெர்னல்ல ரெக்கார்டு ரூம்ல ஒரே ஒருத்தர்தான். அவர் மூணு வேலைதான் பார்ப்பார். யாருக்கு எந்த இடம், யார் எப்ப வேலை பார்க்கணும், யாரிடமிருந்து யாருக்குத் தபால். மத்த எல்லாரும் தனித்தனி அறையில. டிஸ்க் டிரைவர் ஒரு அறை, ஃபைல் சிஸ்டம் ஒரு அறை, நெட்வொர்க் ஒரு அறை. ஒருத்தருக்கு இன்னொருத்தர்கிட்ட வேலை ஆகணும்னா தபால் எழுதித்தான் அனுப்பணும். யாராவது மயங்கி விழுந்தா, அந்த அறையை மட்டும் சுத்தம் பண்ணி வேற ஆளை உட்கார வச்சிடலாம். மினிக்ஸ் 3-னு ஒரு சிஸ்டம்ல இதுக்குன்னே ஒரு சர்வர் இருக்கு. செத்துப்போன டிரைவரைக் கண்டுபிடிச்சு மறுபடி உயிர் கொடுக்கறதுதான் அதோட வேலை. பேரே மறுபிறவி சர்வர்.

இதைக் கேட்டதும் ரெண்டாவதுதான் சரின்னு தோணும். தம்பி எழுதின டேபிளும் அதைத்தான் சொல்லும். ஆனா அரசு ஆபீஸ்ல ஃபைல் எப்படி நகரும்னு தெரிஞ்சவங்களுக்கு சிக்கல் எங்க இருக்குன்னு உடனே புரியும். தபால்! ஒரு ஆப் ஒரு ஃபைலைப் படிக்கணும். ஆப்ல இருந்து ஃபைல் சர்வருக்கு ஒரு தபால், அங்கிருந்து டிஸ்க் டிரைவருக்கு ஒண்ணு, அங்கிருந்து திரும்ப ஃபைல் சர்வருக்கு, கடைசியா ஆப்புக்கு. நாலு தடவை ரெக்கார்டு ரூம் ஆள் எழுந்து வரணும். மோனோலித்திக்ல ஒரு தடவை கதவைத் திறந்து உள்ள போனா, மீதியெல்லாம் உள்ளுக்குள்ள கை நீட்டுற வேலைதான்.

1980-கள்ல அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல மாக்னு ஒரு மைக்ரோகெர்னல் வந்துச்சு. எல்லாரும் எதிர்காலம் இதுதான்னு நம்பினாங்க. ஓட்டிப் பார்த்தா தபால் ரொம்ப மெதுவு. இந்த நேரத்துலதான் அந்தப் பிரபலமான சண்டை நடந்துச்சு. ஆம்ஸ்டர்டாம்ல பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம். மாணவர்களுக்கு ஓ.எஸ். சொல்லிக்கொடுக்க 1987-ல மினிக்ஸை எழுதினவர். அதை ஓட்டிப் பழகிய ஒரு ஃபின்லாந்து மாணவன், லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல சொந்தமா ஒரு கெர்னல் எழுதறார். மொத்தமும் ஒரே கட்டி, மோனோலித்திக். 1992 ஜனவரி 29 அன்னைக்கு டானன்பாம் பொதுவெளியில எழுதினார், லினக்ஸ் காலாவதியான வடிவமைப்புன்னு. 1991-ல போய் மோனோலித்திக் எழுதறது 1970-களுக்குத் திரும்பிப் போற மாதிரின்னு சொன்னார். நீ என் மாணவனா இருந்தா இதுக்கு நல்ல மார்க் கிடைச்சிருக்காதுன்னும் சேர்த்துக்கிட்டார். 22 வயசுப் பையன் பதிலுக்கு நல்லாவே திட்டினான், அப்புறம் கொஞ்சம் சூடா பேசிட்டேன்னு மன்னிப்பும் கேட்டான்.

கொள்கையளவில மைக்ரோகெர்னல் அழகுதான்னு டோர்வால்ட்ஸே அன்னைக்கு ஒத்துக்கிட்டார். அவர் வாதம் வேற. என்னோடது இப்ப ஓடுது, இலவசமா கிடைக்குது. அந்தக் காலத்துல மினிக்ஸுக்குக் காசு கொடுக்கணும். க்னூ திட்டத்தோட ஹர்ட், மாக் மேல கட்ட ஆரம்பிச்ச மைக்ரோகெர்னல் சிஸ்டம், அப்ப தயாராகலை. எனக்கு இதுதான் உண்மையான காரணமா படுது. லினக்ஸ் ஜெயிச்சதுக்கு வேகம் ஒரு பாதி. மீதி பாதி, யார் வேணும்னாலும் ஒரு டிரைவரை எழுதி உள்ள சொருகலாம்ங்கற வசதி. சாவி எல்லார்கிட்டயும் இருந்ததாலதான் வீடு அவ்வளவு சீக்கிரம் எழும்புச்சு.

அந்த வீடு இப்ப எவ்வளவு பெருசு தெரியுமா? 2025 தொடக்கத்துல லினக்ஸ் கெர்னலோட மூல நிரல் 4 கோடி வரியைத் தாண்டிடுச்சு. அதுல பாதிக்கு மேல டிரைவர்கள்தான். நம்ம மெஷின்ல அவ்வளவும் ஏறாது, தேவையானது மட்டும்தான் ஏறும். இருந்தாலும் ஏறுறது எல்லாம் ரெக்கார்டு ரூம்லதான் உட்காரும். 2001-ல ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தாங்க. டிரைவர் நிரல்ல தப்பு விகிதம், கெர்னலோட மத்த பகுதிகளை விட மூணுல இருந்து ஏழு மடங்கு வரைக்கும் அதிகம். அதாவது, அதிகமா டீ கொட்டறவங்களைத்தான் நாம உள்ள உட்கார வச்சிருக்கோம்.

தர்மபுரிக்காரங்களுக்கு இன்னொரு படம் சொல்றேன். தொப்பூர் கணவாய். சேலம் – பெங்களூர் நாலு வழிச் சாலை, என்.எச். 44. சாதாரண நாள்ல அதைவிட வேகமான வழி கிடையாது. ஆனா இறக்கத்துல ஒரு லாரிக்கு பிரேக் பிடிக்கலைன்னா, முன்னாடி போற கார், பின்னாடி வர்ற பஸ், கிலோமீட்டர் கணக்கா நிக்கிற வண்டி எல்லாத்துக்கும் அது பிரச்சினை. உயிர் போன விபத்துகள் அங்க எத்தனையோ. அந்த லாரிக்காரர் கெட்டவர்னு அர்த்தமில்லை. அவர் தப்பு மத்தவங்களைத் தொடாம தடுக்க நடுவுல ஒண்ணும் இல்லை, அவ்வளவுதான்.

சரி, மைக்ரோகெர்னல் கதை மாக்கோட முடிஞ்சதா? இல்லை. இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் வர்றார். யோகன் லீட்கே, ஜெர்மானியர். தபால் மெதுவுங்கறது மைக்ரோகெர்னலோட விதி இல்லை, தபால் பிரிவை மோசமா கட்டினதோட விளைவுன்னார். 1993-ல நிரூபிச்சும் காட்டினார். அன்னைய 486 சிப்ல, 50 மெகாஹெர்ட்ஸ்ல, ஒரு குட்டிச் செய்தியை அனுப்ப மாக்குக்கு சுமார் 115 மைக்ரோசெகண்ட் ஆச்சு. லீட்கேவோட எல்3-க்கு சுமார் 5. இருபது மடங்குக்கு மேல! என்ன பண்ணினார்? மாக், ஒவ்வொரு தபாலுக்கும் அனுமதி சரிபார்ப்பு, நகல், வரிசைன்னு நிறைய சடங்கு வச்சிருந்துச்சு. லீட்கே சடங்கைக் குறைச்சார். சின்னச் சீட்டுன்னா அதை நினைவகத்துல எழுதி நகலெடுக்காம, ப்ராசஸரோட ரெஜிஸ்டர்லயே வச்சுக் கைமாத்தி விட்டார். கெர்னலை ரொம்பச் சின்னதா, ப்ராசஸரோட கேஷுக்குள்ள அடங்கற மாதிரி எழுதினார். அந்த வழியில வந்த குடும்பத்துக்கு எல்4-னு பேர்.

அந்தக் குடும்பத்தோட வாரிசுகள்ல ஒண்ணு செல்4. ஆஸ்திரேலியாவுல கெர்னாட் ஹைசர் குழு. 2009-ல உலகத்துல யாரும் பண்ணாத ஒண்ணைப் பண்ணினாங்க. சுமார் 8,700 வரி சி நிரல். அந்த நிரல் தன் வரையறை சொல்றதை மட்டும்தான் செய்யும்னு கணித முறையில நிரூபிச்சாங்க. நிரூபணம் மட்டும் சுமார் ரெண்டு லட்சம் வரி. டெஸ்ட் பண்ணிப் பார்த்து "தப்பு எதுவும் கண்ணுல படலை"ன்னு சொல்றது வேற, "இந்த வகைத் தப்பு இருக்கவே முடியாது"ன்னு சொல்றது வேற. 4 கோடி வரிக்கு இதை யாராலும் செய்ய முடியாது. கெர்னல் சின்னதா இருக்கறதாலதான் முடிஞ்சுது. என்னைக் கேட்டா, மைக்ரோகெர்னலுக்கு ஆதரவா இருக்கற ஆகச் சிறந்த வாதம் இதுதான். தேர்வு டேபிள்ல இது பெரும்பாலும் வர்றதே இல்லை.

அதை அமெரிக்க ராணுவ ஆய்வு நிறுவனம் டார்பா சோதிச்சுப் பார்த்துச்சு. லிட்டில் பேர்டுங்கற போயிங்கோட ஆளில்லா ஹெலிகாப்டர்ல செல்4 போட்டு, அதுக்கு மேல ஒரு தனி அறையில லினக்ஸையும் ஓட்டினாங்க. தொழில்முறை ஹேக்கர்களைக் கூப்பிட்டு, லினக்ஸ் அறைக்கு முழு அனுமதியும் கொடுத்தாங்க. உள்ளே இருந்து உடைச்சு வெளியே வா பார்க்கலாம்! லினக்ஸை விழவைக்க முடிஞ்சுது. அந்த அறையை விட்டு வெளியே வந்து ஹெலிகாப்டரைத் தொட முடியலை.

இப்ப தம்பியோட கேள்விக்கு வருவோம். உலகமே லினக்ஸ்ல ஓடுதுன்னு சொன்னார். அது பாதி உண்மை. மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாம ஓடுது. ஐஃபோன்ல கைரேகை, முகம், சாவிகளைப் பார்த்துக்கற தனி ப்ராசஸர் இருக்கே, அதுல ஓடறது எல்4 வழி மைக்ரோகெர்னல். கோடிக்கணக்கான கார்கள்ல ஓடற க்யூ.என்.எக்ஸ். ஒரு மைக்ரோகெர்னல். இதெல்லாத்தையும் விட வேடிக்கை இன்டெல். 2015 வாக்குல இருந்து வந்த இன்டெல் சிப்செட்களுக்குள்ள, மெயின் ப்ராசஸருக்கே தெரியாம ஓடற ஒரு குட்டி மேலாண்மைக் கணினி இருக்கு. அதுல ஓடறது என்னன்னு 2017-ல வெளிய வந்துச்சு. மினிக்ஸ். அதே டானன்பாமோட மினிக்ஸ். அவருக்கே செய்தி வந்துதான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு இன்டெலுக்குத் திறந்த கடிதம் எழுதினார். லினக்ஸ் போட்ட லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்து மினிக்ஸ் தோத்துடுச்சுன்னு நாம பேசிட்டிருக்கோம். அடியில மினிக்ஸ் சத்தமில்லாம வேலை பார்த்துட்டு இருக்கு.

லேப்டாப்னதும் நம்ம ஊர் கதை ஒண்ணு. 2011 செப்டம்பர்ல தமிழக அரசோட இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பிச்சுது. தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிப் பசங்கள்ல பல பேருக்கு வீட்டுக்குள்ள வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதுல விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சி-டாக் சென்னையில உருவாக்கின, டெபியன் வழி வந்த சிஸ்டம். நிறைய பேர் அந்தப் பார்ட்டிஷனைத் திறந்துகூடப் பார்க்காம அழிச்சுட்டு படம் ஏத்திக்கிட்டோம், சரி விடுங்க. ஆனா அழிக்காம வச்சிருந்தவங்க கையில ஒரு முழு மோனோலித்திக் கெர்னல் இருந்துச்சு, மூல நிரலோட. ஒரு டிரைவரை வெளிய எடுக்கலாம், மறுபடி போடலாம், கெர்னலைத் தப்பா எழுதி மெஷினை விழவைச்சு கத்துக்கலாம். அப்படிக் கத்துக்கக் கூடிய மைக்ரோகெர்னல் எத்தனை பேர் கைக்கு வந்துச்சு? லினக்ஸ் ஏன் ஜெயிச்சுதுன்னா இதுவும் ஒரு பதில்.

இன்னொரு உள்ளூர் விஷயம். 2004 பிப்ரவரி வரைக்கும் கிருஷ்ணகிரி, ஓசூர், போச்சம்பள்ளி எல்லாம் தர்மபுரி மாவட்டம்தான். இன்னைக்கு நாட்டோட மின்சார ஸ்கூட்டர்கள்ல பெரும் பங்கு அந்தப் பகுதியில இருந்துதான் வருது. ஓசூர்ல ஏத்தரும் டி.வி.எஸ்.ஸும், போச்சம்பள்ளி பக்கம் ஓலா. உதாரணத்துக்கு ஏத்தர் 450எக்ஸ் டேஷ்போர்டு ஆண்ட்ராய்டு வழி வந்தது, அதாவது அடியில லினக்ஸ். ஓட்டிட்டுப் போகும்போது மேப் உறைஞ்சு போனா வண்டி நின்னுடுமா? நிக்கக் கூடாது. பொதுவா இந்த மாதிரி வண்டிகள்ல மோட்டாரையும் பேட்டரியையும் பார்த்துக்கறது தனித்தனி குட்டி சிப்கள். திரைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு வயர், அதுல சின்னச் சின்னச் செய்திகள். தனி அறை, நடுவுல தபால்! கெர்னலுக்குள்ள கட்டாத சுவரை சிப்களுக்கு நடுவுல கட்டியிருக்காங்க. கார்கள்ல இப்ப நடக்கறது இதுக்கு அடுத்த கட்டம். பல சிப்களை ஒரே பெரிய சிப்பா சேர்க்கறாங்க. சேர்த்தா வன்பொருள் சுவர் போயிடும். அப்ப அந்தச் சுவரை மென்பொருள்தான் கட்டணும். மைக்ரோகெர்னலுக்கு மறுபடி கிராக்கி வர்றது அதனாலதான்.

ஜூலை 19-க்குத் திரும்பறேன். அன்னைக்கு விண்டோஸ்ல மைக்ரோகெர்னல் இருந்திருந்தா எல்லாம் சரியா இருந்திருக்குமா? இந்த இடத்துல மைக்ரோகெர்னல் ரசிகர்கள் கொஞ்சம் அதிகமா பேசுவாங்க. தனி அறையில இருந்திருந்தா ஃபால்கன் மட்டும் விழுந்திருக்கும், மெஷின் ஓடியிருக்கும். ஆனா காவல்காரன் மயங்கிக் கிடக்கும்போது வங்கியைத் திறந்து வைக்கறதா, மூடறதா? அதுக்கு எந்தக் கெர்னலும் பதில் சொல்லாது. மறுபிறவி எடுத்தாலும் அதே கெட்ட ஃபைலைப் படிச்சு மறுபடி மறுபடி விழுந்துட்டே இருந்திருக்கும். இருந்தாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்னைக்கு பல இடங்கள்ல ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் ஒரு ஆள் போய் நின்னு, சேஃப் மோடுல திறந்து, அந்த ஃபைலைக் கையால அழிக்க வேண்டியிருந்துச்சு. மெஷின் உயிரோட இருந்திருந்தா இதைத் தூரத்துல இருந்தே பண்ணியிருக்கலாம்.

அதனால என்ன நடக்குதுன்னா, யாரும் ஒரே நாள்ல மைக்ரோகெர்னலுக்கு மாறலை. ஆனா ரெக்கார்டு ரூம்ல இருந்து ஆட்களை ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பறாங்க. ஆப்பிள் 2019-லேயே செக்யூரிட்டி மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளிய தள்ள ஆரம்பிச்சுது. மைக்ரோசாஃப்ட் 2024 நவம்பர்ல, ஆன்டிவைரஸ் மாதிரியானவை கெர்னலுக்கு வெளிய ஓட வழி பண்றோம்னு அறிவிச்சுது. லினக்ஸ்ல இ.பி.பி.எஃப்.னு ஒண்ணு, உள்ள வர்றவங்க பையைச் சோதிச்சிட்டு விடற மாதிரி. லினக்ஸ்காரங்க நிம்மதியா இருக்க வேண்டாம், 2024-லேயே ரெட் ஹாட் லினக்ஸ்ல அதே ஃபால்கன் ஓடும்போது கெர்னல் விழுந்த சம்பவம் உண்டு.

தம்பிக்கு நேரடியா. பெங்களூர்ல இன்டர்வியூவுல இதைக் கேட்டாங்கன்னா டேபிளைச் சொல்லாதீங்க. "இந்த டிரைவர் செத்தா கூட யார் யார் சாவாங்க, அதைத் தவிர்க்க எத்தனை தபால் கூடுதலா ஆகும்"னு கேட்டு ஆரம்பிங்க. வீட்டுல லினக்ஸ் இருந்தா எல்.எஸ்.மாட் கட்டளையைப் போட்டு, இப்ப ரெக்கார்டு ரூம்ல யார் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க. பட்டியல் நீளத்தைப் பார்த்தா கொஞ்சம் பயமா இருக்கும். அப்புறம் செல்4-ஐ க்யூ.இ.எம்.யு.ல ஓட்டலாம், தனி போர்டு வாங்கத் தேவையில்லை, பழைய லேப்டாப் போதும். அதோட நிரூபணம் 2020-ல ரிஸ்க்-ஃபைவ் வகைக்கும் வந்துடுச்சு. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல காமகோடி குழு உருவாக்கின சக்தி ப்ராசஸரும் அதே ரிஸ்க்-ஃபைவ் வகைதான். சக்தியில மூணு நிலை அனுமதி எப்படி வேலை செய்யுதுங்கறதை அடுத்த எபிசோடுல பிரிச்சுப் பார்க்கலாம். அதுக்குள்ள உங்க மெஷின்ல எல்.எஸ்.மாட் எத்தனை வரி காட்டுச்சுன்னு எழுதுங்க. என்னோடதுல 140-ஐத் தாண்டிடுச்சு.